வெள்ளூரணியில் நாலு மணி

வெள்ளூரணி என்று ஒரு ஊர், இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை நீண்ட நீளத்துக்கு வேறெந்த ஊரிலும் எந்தக் கிழமையும் நீண்டதில்லை. நம்பாதவர்கள் நேரே போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள், சொல்லும்போது ஒருவர் முகத்திலாவது ஆச்சரியம் தெரியுமா என்றால் தெரியாது, அதுதான் கேட்கிறவனுக்கு எரிச்சல்.

அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை மதிக்க மாட்டார்கள், சங்கைத்தான் மதிப்பார்கள். நகராட்சிக் கட்டடத்து மொட்டைமாடியில் நாலு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற அந்தச் சங்கு காலையில் ஒரு தரம் ஊதும், உச்சிக்கு ஒரு தரம் ஊதும், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தரம் ஊதும். காலைச் சங்குக்குப் பால் பொங்கும், உச்சிச் சங்குக்கு இலை விழும், நாலு மணிச் சங்குக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும். சங்கு ஊதாமல் அந்த ஊரில் பிள்ளை பிறந்தால்கூட ஜோசியர் ஜாதகம் எழுதத் தயங்குவார். தாத்தா காலத்திலிருந்தே எல்லாரும் சங்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததில், தினமும் அந்த ஊரைத் தாண்டிப் போக வேண்டிய சூரியனுக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது, பாவம்.

அப்படிப்பட்ட சங்கை ஒரு கம்ப்யூட்டர் சர்வரின் கையில் ஒப்படைக்கலாம் என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். தண்ணீர், தெருவிளக்கு, பிறப்பு, இறப்பு, நாய்க்கு லைசென்ஸ், கூடவே சங்கு என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றி, அரிசி மூட்டை உயரத்துக்குக் கன்னங்கரேலென்று வந்திறங்கிய அந்தப் பெட்டியை, அதுவரை பிளீச்சிங் பவுடர் அடுக்கிவைத்திருந்த அறையைக் கழுவிவிட்டு அங்கே குடிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து சேர்மன் அம்மா ரிப்பன் வெட்டினார். மேலாளர் ஆவுடையப்பன் கற்பூரம் காட்டி, பெட்டிக்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கி, சுண்டல் விநியோகம் செய்தார். அந்தச் சர்வருக்குப் பொறுப்பு தில்லைநாயகி. ஒப்பந்த ஊழியர். ஊருக்குள் கம்ப்யூட்டர் தில்லை என்றால்தான் தெரியும்.

தில்லை அன்றைக்குச் சுண்டல்கூட வாங்கவில்லை, மனசு பள்ளிக்கூடத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மகள் நிறைமதி, இரண்டாம் வகுப்பு, ஒருநாளும் இல்லாத திருநாளாக அன்று காலை கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடித்திருந்தாள்.

"ஆட்டோல வரமாட்டேன். நீயேதான் வரணும்."

"வாரேன்ட்டி."

"நாலு மணிக்கு. சங்கு ஊதும்போது இங்கன நிக்கணும்."

"சங்கை ஊதவிடுறதே அம்மாதானட்டி இனிமே. நிப்பேன், போ."

அந்தப் பெருமையில் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் நாலு மணி வரவே இல்லை.

பூஜை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே சர்வர் பொசுக்கென்று அணைந்து, தானாகவே எழுந்துகொண்டது. எழுந்ததும் முதல் வேலையாகக் காலைச் சங்கை ஊத வேண்டும் என்று அதற்குள் எழுதிவைத்திருந்தார்கள், அது ஊதியது. தபாலாபீஸ் ஓட்டுக்கு மேலே ஏறியிருந்த சூரியன் ஒரு நிமிஷம் தயங்கிப் பார்த்துவிட்டு, சரி என்று கிழக்கே பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கி, முகம் கழுவினாற்போலச் சிவப்பாக மறுபடியும் ஏறி வந்தது.

ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? தெருவில் கூடி அலறியிருக்க வேண்டுமா, வேண்டாமா? பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் தரம் பால் ஊற்றப் போனார். கோலம் போட்டு முடித்திருந்த பெண்கள் அதன் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார்கள். முகம் மழித்தவர்கள் மறுபடி மழித்தார்கள். டீக்கடையில் ஒருவர், "இன்னைக்கு ரெண்டு காலை போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பருப்பு வடையைத் தேங்காய்ச் சட்னியில் முக்கினார், பக்கத்தில் இருந்தவர், "ஆமா, கூட ஒரு டீ போடச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் விவாதம். மூன்றாவது காலை வந்தபோது காலையைவிட வடை பெரிதாகிவிட்டது, பத்தாவதோ இருபதாவதோ வந்தபோது எண்ணுவதை விட்டுவிட்டார்கள், அதன் பிறகு காலை என்பது கரன்ட் மாதிரி வந்துபோகிற ஒரு சாமான் ஆகிப்போனது. சூரியன் தண்ணீர்த் தொட்டியின் கழுத்து மட்டம் வரைக்கும் ஏறும், சங்கு ஊதும், இறங்கும், ஏறும். உச்சி வரவில்லை, சாயங்காலம் வரவில்லை, இருட்டு வராத ஊரில் தூக்கம் எப்படி வரும்? அதுவும் வரவில்லை.

தூக்கத்தை யாரும் தேடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புத்தம்புதுக் காலையில் யாருக்குக் கொட்டாவி வரும்? எல்லாரும் சதா சர்வகாலமும் குளித்து முடித்த முகத்தோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, இனிமேல்தான் எல்லாம் செய்யப் போகிறோம் என்கிற நினைப்போடு திரிந்தார்கள். அதில் இருக்கிற சுகம் வேறெதில் வரும்?

நகராட்சி அலுவலகத்துக்கோ வித்தியாசமே தெரியவில்லை. காலைச் சங்கு ஊதியதும் ஊழியர்கள் எல்லாரும் எழுந்து டீக்கடைக்குப் போவார்கள், போய்விட்டுத் தலைக்கொரு நேரமாகத் திரும்பி வருவார்கள், வந்ததும் சர்வர் அறைக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இருக்கையில் அமர்வார்கள், ஃபேனைப் போடுவார்கள், அதற்குள் மறுபடி சங்கு ஊதிவிடும். மனு கொண்டு வருகிறவர்களிடம் முன்பும் "நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னார்கள், இப்போதும் அதையே சொன்னார்கள், முன்பு அதைச் சொல்லும்போது மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்ததாம், இப்போது அந்த உறுத்தலும் போய் நிம்மதியாக இருக்கிறது என்று ஆவுடையப்பனே சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை வந்தால்தானே?

அது வெள்ளிக்கிழமையாக வாய்த்துவிட்டதில் அடி வாங்கிய ஒரே ஆள் ஆட்டுக்கறிக்கடை அமானுல்லா பாய். வெள்ளிக்கிழமை அந்த ஊரில் பாதி வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். பாய் கடைக்குப் பச்சைத் திரையை இழுத்துவிட்டுவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

"தில்லைம்மா, ஜும்மாவுக்குக் குளிச்சுக் குளிச்சு உடம்பே தேஞ்சுபோச்சு, தொழுகை நேரம்தான் வரமாட்டேங்கு. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கு மேல நான் கேக்கலம்மா."

கறிக்கு நாக்கு செத்தவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய், அங்கே எந்தக் கிழமையோ அந்தக் கிழமையில் பிரியாணி தின்றுவிட்டு, எல்லை தாண்டித் திரும்பியதும் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் நுழைந்தார்கள். அதற்கும் ஒரு பஸ் விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு காலைச் சங்குக்கும் மணி அடித்துப் பிரேயர் நடந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று பாடிவிட்டு வகுப்புக்குப் போய்ப் பையைத் திறப்பார்கள், அதே பாடம், அதே பக்கம், அதற்குள் அடுத்த மணி. அம்மாக்கள் கேட்டுக்கு வந்து கம்பி வழியாக இட்லி கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. பிள்ளை டிவி பார்ப்பதில்லை, தெருவில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்வதில்லை, எந்நேரமும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். தில்லை மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு காலையிலும் அவள் கேட்டுக்கு ஓடினாள். நிறைமதி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள், "நாலு மணி ஆயிட்டாம்மா?" தலைமையாசிரியை ஸ்டெல்லாபாய் டீச்சரிடம் தில்லை மன்றாடிப் பார்த்தாள்.

"எம்பிள்ளையை விடுங்க டீச்சர், கூட்டிட்டுப் போறேன்."

"லீவு லெட்டர் குடுத்தீங்களா?"

"அரை நாள் லீவுக்குக் குடுத்திருக்கேனே."

"அரை நாள்னா உச்சிச் சங்குக்கு அப்புறம்லா. சங்கு ஊதட்டும், தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப முழு நாள் லீவே தாங்க."

"முழு நாள் லீவுன்னா பிரேயருக்கு முன்னாடியே பிள்ளை வராம இருக்கணும். உங்க பிள்ளைதான் உள்ள இருக்காளே," என்றார் டீச்சர், பரிதாபமாகத்தான் சொன்னார், அவர் நல்ல மனுஷி. "ரூல்ஸை நான் மாத்த முடியுமா சொல்லுங்க?"

தில்லை திரும்பி வந்து சர்வரோடு மல்லுக்கட்டினாள். வயரை மாற்றினாள். யு.பி.எஸ்ஸை மாற்றினாள். பின்கட்டில் எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற பட்டை பட்டையான சாமான்களைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பல் விளக்குகிற மாதிரித் தேய்த்து மாட்டினாள். சூடாகிறதோ என்று ஏசியைக் கூட்டினாள், குளிருகிறதோ என்று குறைத்தாள். ஒவ்வொரு தரமும் சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தது ஒரே ஒரு வரி, 'எதிர்பாராத மறுதொடக்கம், காரணம் தெரியவில்லை.' ஊரில் கைக்குழந்தை முதற்கொண்டு எதிர்பார்க்கிற ஒன்றை அந்தக் கடன்காரப் பெட்டி மட்டும் எதிர்பாராதது என்று எழுதுகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கோ தூரத்தில் ஒரு பெண் இனிமையான குரலில், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்பாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சங்கு ஊதும், இன்னொரு காலை விடியும், பால்காரர் சைக்கிளைத் திருப்புவார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் புருஷன் சண்முகவேல் போனில் கத்தினான்.

"என்னட்டி இன்னும் வெள்ளிக்கிழமைங்கிற? இங்க தீபாவளி வந்துட்டுப் போயி, அடுத்த தீபாவளிக்குத் துணி வெட்டுதோம்."

"நீங்க ஒரு எட்டு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்களேன். நீங்க கேட்டா விடுவாங்க."

அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தான். வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊரில் வெள்ளிக்கிழமை காலை பளிச்சென்று விடிந்திருப்பதைப் பார்த்ததும், ஐயையோ, வேலை நாளாச்சே, லீவு சொல்லாமல் வந்துவிட்டோமே என்று அவனுக்குத் திக்கென்றது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டான். தில்லை அவனைத் திட்டாத திட்டு இல்லை, ஆனால் அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அந்த ஊரில் காலடி வைத்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

காலைகள் போய்க்கொண்டே இருந்தன. நிறைமதிக்கு முன்பல் இரண்டு விழுந்தன, கம்பி வழியாக அம்மா கையில் கொடுத்தாள். அப்புறம் அந்த இடத்தில் பெரிய பல் இரண்டு முளைத்தன, அதை யாரும் யாரிடமும் கொடுக்கவில்லை. முட்டிக்குக் கீழே இருந்த யூனிஃபார்ம் பாவாடை முட்டிக்கு மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்தார்கள், ஒருவரும் அடுத்த வகுப்புக்குப் போகவில்லை, தேதி மாறினால்தானே போவதற்கு? ஒரு காலையில் தில்லை இட்லியோடு போய் நின்றபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து நீண்டு வந்த கை அவள் கையளவு இருந்தது.

"சட்னி காரமா வைக்காதம்மா," என்றாள் நிறைமதி. அவ்வளவுதான். நாலு மணி ஆயிற்றா என்று கேட்கவில்லை.

தில்லை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, வேற ஒண்ணும் கேக்கலியா?" என்றாள்.

"என்ன கேக்கணும்?"

பிள்ளை மறந்துவிட்டாள், கேட்பதையே மறந்துவிட்டாள். தில்லைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சர்வர்மேல் கோபம், டீச்சர்மேல் கோபம், புருஷன்மேல், ஊர்மேல், எல்லாவற்றுக்கும் மேலே சாமிமேல் கோபம். அலுவலகத்துக்கு வந்தவள் நேரே சர்வர் அறை வாசலில் போய் நின்றாள். ஓடுகிற எந்திரத்தைத் தொடாதே என்று படித்தவள் ஆனதால் அவள் மற்றவர்கள் மாதிரித் தொட்டுக் கும்பிடுவதில்லை, வாசலில் நின்று கண்ணை மூடிக் கையெடுப்பதோடு சரி. அன்றைக்கு அதையும் செய்வதாக இல்லை. உன்னைக் கும்பிட்டு நான் என்னத்தைக் கண்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள்.

அப்போது ஆவுடையப்பன் டீ குடித்துவிட்டு வந்தார். செருப்பை வெளியே விட்டார். கண்ணை மூடினார். வலது கையை நீட்டி, சர்வர் நெற்றியில் அவரே வைத்த குங்குமப் பொட்டைப் பக்தியோடு அழுத்தித் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள் என்னமோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார். சர்வரின் பச்சை விளக்குகள் எல்லாம் பொசுக்கென்று அணைந்தன.

தில்லை கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பொட்டு வைக்க வட்டமாக, அம்சமாக ஒரு இடம் வேண்டும் அல்லவா? அந்தக் கருப்புப் பெட்டியில் வட்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரீசெட் பொத்தான். அதன்மேல் அச்சாகப் பொட்டு வைத்திருந்தார் மனுஷன். வருகிறவன் போகிறவன் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தியிருக்கிறான், பெட்டி அணைந்து எழுந்து சங்கு ஊதுவதற்குள் அழுத்தினவன் தன் இருக்கைக்குப் போயிருப்பான், சங்கு ஊதினால் காலை, காலையானால் டீ, டீ குடித்தால் மறுபடி கும்பிடு. பில் கலெக்டர் இசக்கிமுத்து அழுத்தாவிட்டால் இன்னொருவன். தலைக்கொரு நேரமாக வந்து தலைக்கொரு தரம் அழுத்தியதில் உச்சிக்கே வழியில்லாமல் போயிற்று. தில்லைக்குச் சிரிப்பும் வந்தது, வாந்தியும் வந்தது.

உடனே கூட்டம் போட்டார்கள். கூட்டம் போடுவதில் அந்த நகராட்சியை யாரும் குறை சொல்ல முடியாது. தில்லை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். சேர்மன் அம்மா உட்பட எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள், ரொம்ப நல்ல கண்டுபிடிப்பு என்றார்கள், பாராட்டித் தீர்மானம் போட்டார்கள்.

"அப்ப பொட்டை அழிச்சிரட்டுமா?" என்றாள் தில்லை.

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. "வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்டை அழிக்கவா?" என்றார் சேர்மன் அம்மா. "வாயைக் கழுவும்மா!"

"அழிக்கலாம்," என்றார் ஆவுடையப்பன் சாந்தமாக. "அழிக்கவே கூடாதுன்னு யாரு சொன்னா? நாளைக்கு, சனிக்கிழமை, தாராளமா அழிச்சுக்கிடலாம்."

"அழிச்சாத்தான சார் சனிக்கிழமை வரும்?"

"அது உங்க டெக்னிக்கல் பிரச்சினை," என்றார் அவர். பிறகு தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உன் நல்லதுக்குச் சொல்லுதேன். உன் ஒப்பந்தம் இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. சாயங்காலம் வராத வரைக்கும் உனக்கு வேலை உண்டு. நீயே மண்ணை அள்ளித் தலையில போட்டுக்கிடாத" என்றார்.

தில்லை நேரே அமானுல்லா பாய் கடைக்குப் போனாள்.

"பாய், உங்க கடைத் திரை வேணும்."

"எதுக்கும்மா?"

"ஞாயித்துக்கிழமை வரணும்லா?"

பாய் உடனே எழுந்தார். பச்சைத் திரையைக் கழற்றி, குழாயடியில் சோப்புப் போட்டுத் துவைத்து, பிழிந்து, மடித்துக் கொடுத்தார். தில்லை அதைக் கொண்டுவந்து சர்வர் அறைக்குள் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வீட்டுப் பூஜையறையில் இருந்து கைமணியை எடுத்து வந்திருந்தாள். சங்கு ஊதி, எல்லாரும் டீக்குப் போன நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் போய்ப் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மணியைக் கிணிகிணியென்று அடித்து, "அலங்காரம் நடக்கு! நாலு மணிக்குத்தான் திரை விலகும்!" என்று சத்தமாகச் சொன்னாள்.

முதலில் வந்த ஊழியர் திரையைப் பார்த்ததும் சட்டென்று இரண்டடி பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து வந்தவர் அவருக்குப் பின்னால் நின்றார். அடுத்தவர் அவருக்குப் பின்னால். என்ன அலங்காரம் என்று ஒருவர் கேட்டார், சந்தனக்காப்பாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார், வரிசை வராந்தாவைத் தாண்டி வெளியே போயிற்று. அப்புறம் ஆவுடையப்பன் வந்தார், வரிசையைத் தாண்டி நேரே திரைக்கு முன்னால் போய் நின்றார்.

அவருக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் இருப்பது என்ன, எதற்காக, எல்லாமே அவருக்குத் தெரியும். திரையின் கீழே தில்லையின் கால்விரல்கள்கூட அவருக்குத் தெரிந்தன. கையை நீட்டித் திரையை ஒரு இழுப்பு இழுத்து, பொட்டை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், தணிக்கை இல்லை, திங்கட்கிழமை இல்லை, ஓய்வுபெறுகிற நாளே இல்லை. அவர் கை உயர்ந்தது. பின்னால் அத்தனை பேரும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை. உள்ளே மணி அடிக்கிறது. அலங்காரம் நடக்கிறபோது திரையை இழுத்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெள்ளூரணியில் ஒருத்தன் டீ குடிக்க முடியுமா? உயர்ந்த கை தானாகவே அவர் கன்னத்துக்குப் போயிற்று, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. திரைக்குப் பின்னால் தில்லை மணியை இன்னும் வேகமாக ஆட்டினாள்.

சூரியன் தண்ணீர்த் தொட்டியின் கழுத்துக்கு வந்தது, வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றது, யாரும் கூப்பிடவில்லை என்றதும் சந்தேகத்தோடேயே மேலே ஏறியது. உச்சிச் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தை மறந்துபோயிருந்த ஊர் திடுக்கிட்டு எழுந்தது. பாய் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். வீடுகளில் சோறு வடிக்கவில்லை, எல்லாரிடமும் இட்லி மாவுதான் இருந்தது. தங்கள் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துச் சிலர் தாண்டிக் குதித்தார்கள். அதற்குப் பிறகு, ஐயோ, மத்தியானம் வந்தது. அத்தனை நாள் தூங்காத தூக்கத்தையும் ஒருசேரக் கொண்டுவந்து ஊர் தலையில் கொட்டியது அந்த மத்தியானம். வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே கொட்டாவி விட்டார்கள், பிறகு சுவரில் சாய்ந்தார்கள், பிறகு வராந்தாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்கள். ஆவுடையப்பன் செருப்பைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டார். இசக்கிமுத்து வழக்கம்போல எல்லாருக்கும் கடைசியாக வந்து, படுத்துக் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டித் திரை வரைக்கும் போனான், அவனுக்கும் அங்கேயே தூக்கம் வந்துவிட்டது. தில்லைக்கும்தான் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு, மணி நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து, படுத்துக் கிடந்தவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

சங்கு ஊதும்போது அவள் கேட்டில் நின்றாள். வாட்ச்மேன் பூட்டைத் திறந்தான். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. வகுப்புகளில் இருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள், வந்து, மணி அடித்தால் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தார்கள், மைதானத்தில் வரிசையாக நின்று பிரேயர் பாட ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லாபாய் டீச்சருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரும் சேர்ந்து பாடினார்.

தில்லை உள்ளே போய் இரண்டாம் வகுப்பு வரிசையில் குட்டையான பிள்ளையாகத் தேடினாள். அந்த வரிசையில் குட்டையாக யாரும் இல்லை. கடைசியில் நின்ற உயரமான பெண்தான் அவளைப் பார்த்து, பாட்டை நிறுத்தி, "அம்மா?" என்றாள்.

"நாலு மணி ஆயிட்டு. வா, வீட்டுக்குப் போவோம்."

நிறைமதி மேற்கே பார்த்தாள். சூரியன் அங்கே இருப்பதை அவளால் நம்ப முடியவில்லை. "அப்ப பிரேயர்?"

"பிரேயர் முடிஞ்சுட்டுட்டி. எல்லாம் முடிஞ்சுட்டு."

தில்லை குனிந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, பிள்ளை அவள் காதளவு இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நிறைமதி நொண்டுகிற மாதிரி நடந்தாள், ஏன் என்று கேட்டதற்கு எப்பவும் இப்படித்தான் என்றாள். அவர்கள் மெதுவாக நடந்து சேர்வதற்குள் இருட்டத் தொடங்கி, தெருவிளக்கு எரிந்தபோது அம்மாவின் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்து பையைக் கழற்றுவதற்குள் அவளும் பாயில் விழுந்து தூங்கிவிட்டாள், சோறு தின்ன எழுப்பியும் எழவில்லை.

ஷூவையாவது கழற்றுவோம் என்று தில்லை காலடியில் உட்கார்ந்தாள். வரவில்லை. கயிற்றை அவிழ்த்து இழுத்தும் வரவில்லை, அரிவாள்மனையில் வைத்து ஓரத்தைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வகுப்பு ஷூவுக்குள் அத்தனை நாளும் வளர்ந்த பாதம், விரல் ஐந்தும் உள்பக்கம் மடங்கி, நகம் சதையில் பதிந்து கிடந்தது. தில்லை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயைத் தொட்டு, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட ஆரம்பித்தாள்.

"வலிக்கும்மா," என்றாள் பிள்ளை தூக்கத்தில்.

"வலிக்கத்தான்ட்டி செய்யும்," என்றாள் தில்லை. "கொஞ்சம் பொறுத்துக்க."